பாவும் ஊடையும், கட்டமும் அம்பும்

மென்பொருள் பிறக்கும் இடம் – 9

"என்ன வேணும்னு சொல்லுங்க, செஞ்சு தர்றோம்." மென்பொருள்காரர்கள் முதல் நாள் கேட்கிற கேள்வி இது. இதற்கு உருப்படியான பதில் கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. முப்பது வருஷம் பேரேடு எழுதியவரிடம் போய்க் கேட்டால், "நோட்டுல இருக்கறது கம்ப்யூட்டர்ல வரணும், அவ்வளவுதான் சார்" என்பார். அவர் எதையும் ஒளிக்கவில்லை. கை தினமும் செய்கிற வேலையை வரிசையாகச் சொல்ல வாய்க்குத் தெரியாது. அந்த 'அவ்வளவுதான்' என்ற சொல்லுக்குள் நூறு விதிகள் சுருண்டு கிடக்கும்.

ஐ.பி.எம்.மின் சிஸ்டம்/360 இயக்க மென்பொருளைக் கட்டிய அனுபவமுள்ள ஃபிரெட் புரூக்ஸ், 1986-ல் ஒரு கட்டுரை எழுதினார். மென்பொருள் கட்டுவதிலேயே மிகக் கடினமான பகுதி, எதைக் கட்டுவது என்று தீர்மானிப்பதுதான் என்பது அவருடைய வாதம். அதற்குப் பிறகு கணினி எத்தனையோ தலைமுறை மாறிவிட்டது. வாதம் மட்டும் அப்படியே நிற்கிறது.

கடந்த இரண்டு வாரங்களில் நேர்காணலையும் கேள்வித்தாளையும் பார்த்தோம். இந்த வாரம் மூன்றாவது வழி. 'என்ன வேண்டும்' என்ற கேள்வியையே தள்ளி வைத்துவிட்டு, 'என்ன நடக்கிறது' என்று கேட்பது. நடப்பதைப் படமாக வரைவது. படத்திலிருந்து தேவைகளை ஒவ்வொன்றாக உருவி எடுப்பது. சொல்வதற்கு எளிது. எங்கே சறுக்கும் என்பதைக் காட்ட உங்களைத் திருச்சி உறையூருக்கு அழைத்துப் போகிறேன்.

உறையூருக்கும் துணிக்கும் உள்ள உறவு பழையது. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடல் வணிகக் குறிப்பில் 'அர்கரு' என்ற உள்நாட்டு ஊரும் அதன் மெல்லிய துணியும் வருகின்றன. அது உறையூர்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. 1960-களில் சென்னைப் பல்கலைக்கழகத்தார் இங்கே அகழாய்வு செய்தபோது செங்கல்லால் கட்டிய பழங்காலச் சாயத்தொட்டி ஒன்று வெளிப்பட்டது. இன்றைக்கும் 'உறையூர் காட்டன்' என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். காவிரிக்கு அந்தப் பக்கம் திருவரங்கத்தில் வளர்ந்து, பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்துக்கொண்டே தமிழ் வாசகர்களுக்குக் கம்ப்யூட்டரைச் சொல்லிக்கொடுத்த எழுத்தாளர் சுஜாதா இருந்திருந்தால், நான் ஒன்பது வாரமாக இழுப்பதை மூன்றே வாரத்தில் முடித்திருப்பார். அவர் இல்லாததால் நீங்கள் என்னோடுதான் வர வேண்டியிருக்கிறது.

ஒரு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு மென்பொருள் எழுதப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். குறிப்பிட்ட எந்தச் சங்கத்தையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் இந்தச் சங்கங்கள் பொதுவாக நடக்கும் விதத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

சங்கம் நூல் வாங்குகிறது. தேசிய கைத்தறி வளர்ச்சிக் கழகம் மூலமாக வரலாம், கூட்டுறவு நூற்பாலையிலிருந்து வரலாம். நூலுக்குச் சாயம் ஏறுகிறது. நீள இழைகளான பாவை ஓட்டி, கஞ்சி போட்டு, காயவைத்துச் சுற்றி, உறுப்பினரான நெசவாளரிடம் பாவையும் குறுக்கிழையான ஊடைக்கு வேண்டிய நூலையும் எடை போட்டுக் கொடுக்கிறார்கள். பாஸ்புத்தகத்தில் பதிகிறார்கள். அவர் வீட்டுக்குக் கொண்டுபோய், தறியில் மிச்சமிருக்கும் பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைத்து நெய்யத் தொடங்குகிறார். புடவை முடிந்ததும் சங்கத்தில் கொண்டுவந்து போடுகிறார். எழுத்தர் விரித்துப் பார்க்கிறார், அளக்கிறார், எடை போடுகிறார். கூலி கணக்காகிறது. புடவை இருப்பில் ஏறுகிறது. 1935-ல் தொடங்கிய கோஆப்டெக்ஸ் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறது. மீதி சங்கத்தின் சொந்தக் கடையில் விற்கிறது.

இதை இப்படியே எழுதிக் கொடுத்தால் மென்பொருள்காரர் நாலு ஃபார்ம், ஆறு ரிப்போர்ட் செய்து கொடுத்துப் பில்லும் போட்டுவிடுவார். மூன்றாம் மாதம் சங்கத்தில் பழைய நோட்டு திரும்ப வெளியே வரும்.

வேலையைப் படமாக வரைகிற வழக்கம் கணினியைவிட மூத்தது. ஃபிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் என்ற தம்பதி 1921-ல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் இப்படிப்பட்ட படங்களை அறிமுகம் செய்தார்கள். ஃபிராங்க் செங்கல் அடுக்கும் கொத்து வேலையில் தொழில் தொடங்கியவர். ஒரு கல்லை வைக்க எத்தனை முறை குனிகிறோம் என்று எண்ணிப் பார்த்த மனிதர். இன்று உலகெங்கும் புழங்கும் குறியீடு பி.பி.எம்.என். எனப்படுவது, அதன் இரண்டாம் பதிப்பு 2011-ல் வந்தது. பயந்துவிட வேண்டாம். அன்றாடத்துக்கு ஐந்து வடிவம் தெரிந்தால் போதும். வட்டம் என்றால் ஏதோ நிகழ்ந்தது; கட்டம் என்றால் யாரோ ஒரு வேலை செய்கிறார்; டைமண்ட் என்றால் அங்கே ஒரு முடிவு எடுக்கப்படுகிறது; அம்பு என்றால் அடுத்தது எது; நீளவாக்கில் ஓடும் பட்டை, அதாவது ஸ்விம்லேன், யாருடைய வேலை என்பதைக் காட்டும்.

ஸ்விம்லேனுக்குள் நீங்களே நடந்திருப்பீர்கள். பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் ஏ கவுன்டரில் தனியார் நிறுவன ஊழியர் ஆவணத்தை ஸ்கேன் செய்து, படமும் கைரேகையும் எடுக்கிறார். பி-யில் அரசு அதிகாரி சரிபார்க்கிறார். சி-யில் இன்னொரு அரசு அதிகாரி கொடுக்கலாமா என்று தீர்மானிக்கிறார். டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் நடந்த பாதைதான் அந்தப் படத்தின் அம்பு. கேமராவின் பட்டன் தனியார் கையிலும் தீர்மானத்தின் பட்டன் அரசு கையிலும் இருக்க வேண்டும் என்ற தேவை, அந்த ஏ, பி, சி பிரிவினையிலேயே எழுதியிருக்கிறது. யார் எதைத் தொடலாம் என்று தனியாக ஒரு கூட்டம் போட்டுப் பேச வேண்டியதில்லை.

நம்முடைய சங்கத்துக்கும் படம் வரைந்தாயிற்று என்று வையுங்கள். சங்க எழுத்தர், மேலாளர், நெசவாளர், சாயக்காரர், விற்பனைக் கடை என்று ஐந்து பட்டை. முதல் பாவு கொடுப்பதிலிருந்து கூலி வரை ஏறக்குறைய இருபது கட்டம். பார்க்க லட்சணமாக இருக்கிறது. பல திட்டங்கள் இந்த இடத்தில் படத்தை அச்சடித்துச் சுவரில் மாட்டிவிட்டு, வேறு எங்கேயோ உட்கார்ந்து தேவைப் பட்டியலை எழுதத் தொடங்கிவிடுகின்றன. படம் ஒரு பக்கம், பட்டியல் ஒரு பக்கம். அப்படிச் செய்வதானால் படமே வரைந்திருக்க வேண்டாம்.

படத்திலிருந்து தேவையை எடுக்கிற வேலை, ஒவ்வொரு வடிவத்தின் மேலும் விரலை வைத்துக் கேட்பதில் இருக்கிறது. கட்டத்தின் மேல் வைத்தால்: இந்த வேலையைச் செய்கிறவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், முடித்த பிறகு என்ன புதிதாகத் தெரியவரும்? டைமண்டின் மேல் வைத்தால்: யார் முடிவெடுக்கிறார், எந்தத் தகவலை வைத்து, முடிவு தவறென்றால் யாரிடம் போவது? பட்டையைத் தாண்டும் அம்பின் மேல் வைத்தால்: கையிலிருந்து கைக்கு எது மாறுகிறது, மாறியதற்கு என்ன சாட்சி? கட்டங்களைப் பற்றி எல்லோரும் நன்றாகவே கேட்பார்கள். என் அனுபவத்தில் பணமும் சண்டையும் அம்புகளில்தான் இருக்கின்றன. ஆகவே ஒரே ஒரு அம்பை எடுத்துக்கொண்டு கொஞ்சம் உட்காருவோம்: நெசவாளர் பட்டையிலிருந்து எழுத்தர் பட்டைக்கு வரும் அம்பு. 'புடவை போடுதல்'.

சங்கம் நூலைக் கொடுத்திருக்கிறது. நூல் சங்கத்தின் சொத்து. புடவையாகத் திரும்பி வருகிறது. கொடுத்த எடையும் வந்த எடையும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது எழுத்தரின் கடமை. மென்பொருள்காரர் காதில் இது எப்படி விழும்? கொடுத்தது கழித்தல் வந்தது, விடை பூஜ்யமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிவப்பு எழுத்து.

தராசின் பக்கத்தில் நின்று பார்த்தால் பேச்சு வேறு மாதிரி போகும்.

"நாப்பது கிராம் கொறையுதே அண்ணே?" என்பார் வேலைக்குப் புதிதாக வந்த எழுத்தர்.

"தம்பி, நீங்க பாவு குடுத்தது மார்கழிப் பனியில. இப்ப மாசி வெயிலு. நூலு காஞ்சு கெடக்கு. நாப்பது கிராமை நான் என்ன தின்னுட்டனா?"

நெசவாளரான அந்தப் பெரியவர் சொல்வது இயற்பியல். பஞ்சு காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும். நன்றாக உலர்ந்த பஞ்சின் எடையில் 8.5 சதவீதம் ஈரம் என்பது பருத்தி வணிகத்தில் பரவலாக ஒப்புக்கொண்ட கணக்கு. காற்றில் ஈரம் கூடினால் இதுவும் கூடும், வெயில் ஏறினால் குறையும். இரண்டு சதவீதம் ஆடினாலே இரண்டு கிலோ நூலில் நாற்பது கிராம் போலக் காணாமல் போகும். போதாக்குறைக்குக் கஞ்சி. பாவு கொடுக்கும்போது கஞ்சியோடு சேர்த்து எடை போட்டிருக்கிறோம். நெய்கையில் தறியின் விழுதிலும் பண்ணையிலும் உரசி அதில் கொஞ்சம் உதிர்ந்துவிடும். பாவின் கடைசியில் நெய்ய முடியாத நுனி மிஞ்சும். அறுந்த இழை, முடிச்சு, ஊடை நூல் சுற்றிய தாரில் மிஞ்சியது என்று கழிவும் உண்டு.

நாற்பது கிராம் அற்பம் என்று தோன்றலாம். நூலின் நம்பர் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 840 கஜம் நீளம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் தேறுகிறதோ அதுதான் நம்பர். 80-ஆம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டில் 80 சிட்டம், 67,200 கஜம். கிராமுக்கு 135 மீட்டர். நாற்பது கிராம் என்பது ஐந்து கிலோமீட்டருக்கு மேல். உறையூரில் ஒரு முனையைக் கட்டிவிட்டு நடந்தால் காவிரியைத் தாண்டிவிடலாம். ஒருவர் நிஜமாகவே நூலைத் திருடினாலும் அதுவும் இந்த நாற்பது கிராமுக்குள்தான் ஒளியும். அதனால் எழுத்தர் கேட்டதும் தவறில்லை, பெரியவருக்குக் கோபம் வந்ததும் தவறில்லை.

இந்தக் கணக்கிலேயே இன்னொரு பொறி. சங்கம் நூல் வாங்குவது கட்டுக் கணக்கில். ஒரு கட்டு பத்துப் பவுண்டு, அதாவது 4.54 கிலோ, 80-ஆம் நம்பரில் 800 சிட்டம். சாயத்துக்குக் கொடுக்கும்போது சிட்டத்தை எண்ணுவார்கள். நெசவாளருக்குக் கொடுப்பது கிராமில். வாங்கிப் போடுவது புடவை எண்ணிக்கையில், மீட்டரில். ஒரே சரக்கு ஒரு தெருவைக் கடப்பதற்குள் நாலு அளவு மாறுகிறது. 'இருப்பு' என்று ஒற்றை எண்ணைக் காட்டும் மென்பொருள் எந்த அளவில் காட்டும்? இந்தக் கேள்வியை எந்த நேர்காணலிலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், ஏனென்றால் சங்கத்தில் யாருக்கும் அது கேள்வியாகவே தோன்றாது. அம்பின் இரண்டு முனையிலும் 'என்ன அளவு?' என்று எழுதிப் பார்க்கும்போதுதான் மண்டையில் உறைக்கும்.

இப்போது தேவையை எழுதுவோம். முதல் முயற்சியில் பெரும்பாலும் இப்படி வரும்: 'எடையில் வேறுபாடு இருந்தால் மென்பொருள் எச்சரிக்க வேண்டும்.' இது தேவை அல்ல, ஆசை. எவ்வளவு வேறுபாடு, எச்சரித்த பிறகு என்ன ஆகும், இரண்டுக்கும் பதில் கிடையாது. அம்பின் மேல் உட்கார்ந்து எழுந்த பிறகு எழுதினால் இப்படி வரும்: 'கொடுத்த நூலின் எடைக்கும், வந்த துணி, திரும்பிய நூல், கழிவு ஆகிய மூன்றின் கூட்டு எடைக்கும் உள்ள வேறுபாடு, அந்த நூல் ரகத்துக்கு நிர்வாகம் வைத்திருக்கும் வரம்பைத் தாண்டினால், கூலியை நிறுத்தாமல், அந்த வேறுபாட்டை நெசவாளரின் நூல் கணக்கில் பற்று வைத்து மேலாளர் பார்வைக்கு அனுப்ப வேண்டும்.' நீளமான வாக்கியம்தான். ஆனால் இதைக் கையில் கொடுத்தால் நிரல் எழுதுகிறவர் எழுதலாம், சோதிக்கிறவர் சோதிக்கலாம், பெரியவரும் படித்துப் பார்த்துத் தலையாட்டலாம்.

இதில் 'கூலியை நிறுத்தாமல்' என்ற இரண்டு சொல்லைக் கவனியுங்கள். படத்தில் அது கிடையாது. சனிக்கிழமை கூலி வந்தால்தான் ஞாயிற்றுக்கிழமை அடுப்பு எரியும் வீடுகள் என்று தெரிந்தவருக்குத்தான் அதை எழுதத் தோன்றும். வரம்பு எத்தனை கிராம் என்று நான் எழுதவில்லை, அதுவும் வேண்டுமென்றேதான். அந்த எண்ணை நிரலுக்குள் புதைத்துவிட்டால், மழைக்காலத்தில் சங்கத்தார் வரம்பை மாற்ற நினைக்கும்போது நவல்பட்டு எல்காட் ஐ.டி. பூங்காவில் இருக்கும் ஒரு பையனுக்குப் போன் போட வேண்டியிருக்கும்.

அடுத்து ஒரு டைமண்ட். 'புடவையில் குறை உண்டா?' படத்தில் ஆம், இல்லை என்று இரண்டு அம்பு பிரியும். ஆம் என்றால் கூலியில் பிடித்தம். இதைக் கணினியே தீர்மானிக்கட்டும், கேமரா வைக்கலாம், செயற்கை நுண்ணறிவு குறையைக் கண்டுபிடிக்கும் என்று யாராவது ஒருவர் கூட்டத்தில் நிச்சயம் சொல்வார். சொல்லட்டும். முடிவெடுப்பது எழுத்தரின் கண், அது எழுத்தருக்கு எழுத்தர் மாறும், அதே எழுத்தருக்கே காலையும் மாலையும் மாறும். நெசவாளருக்கு உள்ள மனக்குறை வேறு: என்ன குற்றம் என்று சொல்லாமல் தொகையை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது. எனவே இந்த டைமண்டிலிருந்து எழும் தேவை தீர்ப்பு சொல்லும் மென்பொருள் இல்லை. இழை அறுந்ததா, கறையா, நீளம் குறைவா என்று காரணத்தைப் பதியாமல் பிடித்தம் செய்ய விடாத மென்பொருள். பிடித்தச் சீட்டில் காரணம் தமிழில் அச்சாக வேண்டும். மேலாளரிடம் முறையிட ஒரு வழி வேண்டும், முறையீட்டில் தொகை திரும்பினால் அதுவும் பதிவாக வேண்டும். ஒரு வருஷம் கழித்து, எந்த எழுத்தர் காலத்தில் பிடித்தம் அதிகம் என்று நிர்வாகக் குழு பார்க்க முடியும். எழுத்தர்களுக்கு இது பிடிக்காது. பிடிக்காது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

குறித்த நேரம் வந்ததும் நடப்பவற்றைக் காட்ட, உள்ளே கடிகாரம் வரைந்த வட்டங்களைச் சீக்கிரம் கடந்துவிடலாம். மாதக் கடைசி என்பது அதில் முக்கியமானது. மத்திய கூட்டுறவு வங்கியில் சங்கத்துக்குக் காசுக்கடன் இருந்தால், இருப்பு விவரத்தை வங்கிக்குக் காட்ட வேண்டும்; இருப்பைப் பொறுத்துத்தான் எவ்வளவு பணம் எடுக்கலாம் என்பது. அதுபோல நெசவாளர் சேமிப்புத் திட்டம்: கூலியில் ரூபாய்க்கு 8 காசு நெசவாளர் பங்கு, அரசு தன் பங்காக 4 காசு சேர்க்கும். இந்த 8, 4 என்ற எண்கள் என்றைக்கு வேண்டுமானாலும் அரசாணையில் மாறலாம். மாறினால் புதுக் கூலிக்குப் புது விகிதம், பழைய கூலிக்குப் பழைய விகிதம் இருக்க வேண்டும். எந்தத் தேதியிலிருந்து எந்த விகிதம் என்று வைத்துக்கொள்ளாத மென்பொருள், விகிதத்தை மாற்றிய அன்றைக்கே பத்து வருஷத்துப் பழைய கணக்கையும் சேர்த்துக் குளறுபடி ஆக்கும். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோது நாடு முழுக்கக் கடைகளில் பில் போடும் மென்பொருள்கள் பட்ட பாடு நினைவிருக்கும்.

படத்தில் இருப்பதைப் பற்றி இவ்வளவு பேசினோம். இல்லாத ஒன்றும் இருக்கிறது, அதுவும் பெரியது.

ஐந்து பட்டை போட்டோம் அல்லவா? நெசவாளர் என்ற பட்டையில் 'தார் சுற்றுதல்' என்ற கட்டத்தை வரைந்திருப்போம். அதைச் செய்வது யார்? பெரும்பாலான வீடுகளில் அவருடைய மனைவி, அம்மா, மகள். பாவு பிணைக்க வருகிறவர் வேறு ஆள். பாவு ஓட்டுகிறவர்கள் வேறு. பாஸ்புத்தகத்தில் இருப்பது ஒரே பெயர். நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு 2019-20-ல் நடந்தது. நாட்டில் 35 லட்சத்துக்கு மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்கள், அவர்களில் எட்டு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் தறியில் உட்காராத துணைத் தொழில் செய்பவர்கள், மொத்தத்தில் பெண்கள் பத்துக்கு ஏழு பேருக்கும் மேல் என்று அது சொல்கிறது. நம் படத்தில் அவர்களுக்குப் பட்டை இல்லை. பட்டை இல்லாதவருக்கு மென்பொருளில் பதிவும் இருக்காது. பதிவு இல்லாதவருக்கு நாளைக்கு அடையாள அட்டை, காப்பீடு, ஓய்வூதியம் என்று ஏதாவது ஒரு திட்டம் வரும்போது சங்கத்தால் ஒரு சான்றுகூடக் கொடுக்க முடியாது.

படம் வரைகிறவர் சங்க அலுவலகத்தின் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, சங்க அலுவலர்களிடம் மட்டும் கேட்டு வரைந்தால் இப்படித்தான் ஆகும். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்வையில் நெசவாளர் என்பவர் கவுன்டருக்கு வருகிற ஆள். தெருவுக்குள் இறங்கி, ஒரு வீட்டுத் திண்ணையில் அரை நாள் உட்கார்ந்தால் பட்டை ஐந்திலிருந்து எட்டாகிவிடும். என்னைக் கேட்டால், படம் சரியா என்று சோதிக்க முதலில் எண்ண வேண்டியது பட்டைகளைத்தான். யாருக்குப் பட்டை போட்டோம் என்பதில் அரசியல் இருக்கிறது. எந்தப் பாடப்புத்தகமும் இதை உரக்கச் சொல்வதில்லை.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். இப்போது நடப்பதை அப்படியே வரைந்து, அதிலிருந்து தேவை எடுத்தால், பழைய கோளாறுகளையும் சேர்த்துத்தானே கணினியில் ஏற்றுகிறோம்? மைக்கேல் ஹாமர் 1990-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரையின் சாரமே இதுதான்: பழைய வேலைமுறையைத் தானியங்கி ஆக்காதீர்கள், துடைத்துவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள். பெரிய நிறுவனங்கள் அவர் பேச்சைக் கேட்டு ஆடித் தீர்த்தன. நம்மூர் அரசுத் திட்டங்களிலும் 'இப்போது உள்ளபடி' ஒரு படம், 'இனி இருக்க வேண்டியபடி' ஒரு படம் என்று இரண்டு அறிக்கை கேட்பது வழக்கமாகிவிட்டது. முதல் அறிக்கையைச் சடங்குக்கு எழுதிவிட்டு இரண்டாவதற்குத் தாவுகிறவர்களே அதிகம்.

கூட்டுறவுச் சங்கத்தில் தாவினால் காலை உடைத்துக்கொள்வீர்கள். ஒரு கட்டம் அநாவசியமாகத் தெரிகிறது, எடுத்துவிடலாம் என்று நினைப்போம். அது 1983-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்படியோ சங்கத்தின் துணைவிதிப்படியோ வைத்திருக்க வேண்டிய பதிவேடாக இருக்கும். தணிக்கையாளர் வந்து முதலில் அதைத்தான் கேட்பார். இன்னொரு கட்டம் வெறும் பழக்கம்: எப்போதோ இருந்த மேலாளர் ஒருவர் ஆரம்பித்தது, இன்றுவரை மூன்று நகல் எழுதுகிறார்கள், மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை. வேறொன்று பலவீனத்துக்குப் போட்ட கட்டு: தராசு ஒன்றுதான் இருக்கிறது, அதனால் எடை போடுவது பிற்பகலில் மட்டும். சட்டம், பழக்கம், பலவீனம் என்ற மூன்றில் எது என்று ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் ஓர் எழுத்துப் போட்டுவிட்டால், எதைத் துடைக்கலாம் என்பது படத்திலேயே தெரிந்துவிடும். ஹாமர் ஆராய்ந்த கம்பெனிகளுக்குக் கூட்டுறவுச் சட்டமும் கூட்டுறவுத் தணிக்கையும் கிடையாது.

இதே சிக்கல் தேச அளவில் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2022 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது: 63,000 சங்கங்கள், 2,516 கோடி ரூபாய், நபார்டு வங்கி மூலமாக, எல்லாச் சங்கமும் ஒரே பொது மென்பொருளில். ஒரே மென்பொருள் என்றால் ஒரே படம் வேண்டும். ஒரு மாநிலத்தில் நகைக்கடன் கொடுக்கும் சங்கம், இன்னொன்றில் ரேஷன் கடை நடத்தும், வேறொன்றில் உரம் மட்டும் விற்கும். ஊருக்கு ஊர் துணைவிதி, மொழிக்கு மொழி பேரேடு. பொதுப் படத்தில் எதைச் சேர்ப்பது, எதை அந்தந்த மாநிலம் மாற்றிக்கொள்ள விடுவது என்பதுதான் அங்கே உண்மையான தேவைப் பொறியியல். நிரல் எழுதுவது அதற்கு அப்புறம்.

படம் எதைச் சொல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எத்தனை என்று சொல்லாது. சாதாரண வாரத்தில் எத்தனை புடவை வரும், தீபாவளிக்கு முந்தைய வாரம் எத்தனை, அன்றைக்குக் கவுன்டரில் எத்தனை பேர் நிற்பார்கள் என்பதைக் கேட்டு அம்பின் மேல் எண்ணாக எழுத வேண்டும். புடவை எடை போட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் என்ன என்று சொல்லாது. எழுத்தருக்கு எந்தத் தமிழ்த் தட்டச்சு முறை பழக்கம், நெசவாளர் கையில் இருப்பது பட்டன் போனா என்பதும் படத்தில் இருக்காது. ஏன் என்றும் சொல்லாது. இந்தச் சங்கம் எதற்காக மென்பொருள் வாங்குகிறது? கூலி தாமதம் குறைய வேண்டும் என்றா, தணிக்கைக் குறிப்பு வராமல் இருக்க வேண்டும் என்றா, மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்துவிட்டது என்றா? மூன்றுக்கும் மூன்று விதமான மென்பொருள் தேவைப்படும். ஆகவே படத்தின் தலைமாட்டில் ஒரு வரி நோக்கத்தை எழுதி, மேலாளரிடம் கையெழுத்தும் வாங்கிவிடுவது உத்தமம். கையெழுத்துப் போடும்போதுதான் பலர் முதல்முறையாக அந்த வரியைப் படிப்பார்கள்.

கடைசியாக ஒரு சோதனை, காசு செலவில்லாதது. சங்கத்தின் பழைய பேரேட்டை வாங்குங்கள். ஒழுங்கான பக்கங்கள் வேண்டாம், அடித்தல் திருத்தல் உள்ள பக்கமாகப் பாருங்கள். சிவப்பு மையில் சுழித்தது, ஓரத்தில் பென்சிலில் எழுதியது, இரண்டு பேர் கையெழுத்துள்ளது. அந்த ஒரு வரியை எடுத்துக்கொண்டு படத்தின் முதல் வட்டத்தில் தொடங்கி விரலால் நடத்திப் பாருங்கள். பாவு வாங்கிய நெசவாளர் பாதியில் இறந்துபோனார், மகன் மீதியை நெய்து போட்டார், கூலி யார் பெயரில்? தறியில் ஏறிய பாவு மூன்று மாதமாக அப்படியே கிடக்கிறது, அவர் ஹோட்டல் வேலைக்குப் போய்விட்டார், நூலை எப்படித் திரும்ப வாங்குவது? அரசு ஈடு செய்யும் தள்ளுபடியில் விற்ற புடவையை வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார், ஏற்கெனவே கேட்டு வாங்கிய தள்ளுபடித் தொகையை என்ன செய்வது? விரல் எங்கே போக வழியில்லாமல் நிற்கிறதோ அங்கே ஓர் அம்பு விடுபட்டிருக்கிறது. சங்கம் அந்த நாளில் அதை எப்படியோ சமாளித்திருக்கிறது. எப்படி என்பது பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் இருக்கும், அல்லது ஓய்வு பெற்றுப்போன ஓர் எழுத்தரின் ஞாபகத்தில் இருக்கும். அவர் வீடு எங்கே என்று கேட்டு, வேலை தொடங்குவதற்கு முன்பே ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள். மென்பொருள் ஓட ஆரம்பித்த பிறகு போனால், "இத நீங்க அப்பவே கேட்டிருக்கலாமே தம்பி" என்று காபி கொடுத்து அனுப்புவார்.

(தொடரும்)